வாய் திறந்து யோசிக்கும் பரீட்சை

முன்னாளில் நமது ஊரில் ஒரு பிள்ளைக்கு உத்தியோகம் தேடும் முறை வேறு. தகப்பனார் வெளுத்த சட்டையொன்றைப் போட்டுக் கொண்டு, பிள்ளையையும் கூட்டிக் கொண்டு, தெரிந்த முதலாளியின் கடைக்குப் போய் நிற்பார். "நல்ல பையன், கணக்கு வரும்" என்பார். முதலாளி பையனை மேலும் கீழும் ஒரு முறை பார்த்து விட்டு, "நாளைக்கு வரச் சொல்லுங்கள்" என்பார். அத்துடன் பரீட்சை முடிந்தது. அவ்வளவு நேரமும் பையன் வாய் திறக்க மாட்டான். திறக்காமல் இருந்ததே அவனுக்கு நற்சாட்சிப் பத்திரம். நாம் கடைக்கு வந்து சேர்ந்ததும் இவ்விதமே.

இப்பொழுது காலம் வேறு. ஈப்போவில் 1969-ஆம் ஆண்டிலேயே உங்கு ஓமார் பாலிடெக்னிக் தொடங்கப் பெற்றது. ஸ்ரீ இஸ்கண்டாரில் 1997-இல் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வந்தது. கம்பாரில் 2007-இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் திறந்தது. நம் பேராக் மாநிலத்தை விட்டு வெளியே போகாமலே நம் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்துப் பட்டம் வாங்கி விடுகிறார்கள். வேலையோ பெரும்பாலும் வெளியூரில் இருக்கிறது. 1972-இல் இன்டெல் கம்பெனி வந்து இறங்கிய பினாங்கு பாயான் லெப்பாஸிலும், 1996-இல் அரசாங்கம் அறிவித்த மல்டிமீடியா பெருவழித் திட்டத்தால் எழுந்த சைபர்ஜெயாவிலும், கோலாலம்பூரிலும் இருக்கிறது. பட்டத்துக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு வாசற்படி உண்டு. அதற்கு இன்டர்வியூ என்று பெயர். அந்தப் படியில்தான் நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுகிறார்கள். அதைப் பற்றியே இந்தப் பாடம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுவது நேர்மை. நமக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. நாம் கற்றது மதரஸாவும் ஆறாம் வகுப்பும். அதன் பிறகு மளிகைக் கடை. நமது தங்கை மகன் மென்பொருள் எஞ்சினீயர் வேலைக்கு ஆயத்தமான எட்டு மாதங்களும், நமது கடையின் பின்கட்டில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே அவன் எதிரில் உட்கார்ந்திருந்தோம். ஆகவே, இதைக் கற்றறிந்தவர் கூறும் தீர்ப்பாக எடுத்துக் கொள்ளாமல், பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொல்லும் சாட்சியமாக எடுத்துக் கொள்ளும்படி அன்பர்களைக் கேட்டுக் கொள்கிறோம். கணக்கு விவரங்களை மருமகனே படித்துப் பார்த்துத் திருத்தியிருக்கிறான்.

அவனுடைய முதல் இன்டர்வியூ பினாங்கில் ஒரு கம்பெனியில் நடந்தது. பெயர் இங்கே வேண்டியதில்லை. அதிகாலையில் புறப்பட்டுப் போனவன் மாலையில் கடைக்கு வந்து, ஒன்றும் பேசாமல் வெங்காயக் கூடையைப் பொறுக்க ஆரம்பித்தான். இரவு கடை சாத்தும் பொழுதுதான் வாயிலிருந்து வார்த்தை வந்தது. "கேட்ட கேள்விக்கு விடை எனக்குத் தெரியும் மாமா. பத்து நிமிஷம் பலகையையே பார்த்துக் கொண்டு நின்றேன். மனசுக்குள் கணக்குப் போட்டுக் கொண்டிருந்தேன். 'என்ன யோசிக்கிறீர்கள்?' என்று இரண்டு முறை கேட்டார்கள். முடித்து விட்டுச் சொல்லலாம் என்று இருந்து விட்டேன். அதற்குள் நேரம் முடிந்து விட்டது" என்றான்.

அவனிடத்தில் படிப்புக் குறை இல்லை. வாய் திறக்காத குறைதான் இருந்தது. இதைத் தெரிந்து கொள்ள நமக்குச் சில நாட்கள் பிடித்தன. அதைத் தெரிந்து கொண்ட விதத்தைச் சொல்வதற்கு முன், இந்த இன்டர்வியூ எப்படி நடக்கிறது என்பதைப் பெற்றோர்களுக்காகச் சுருக்கமாகக் கூறுவோம்.

விண்ணப்பம் போனதும், பல கம்பெனிகள் முதலில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் எழுதும் ஒரு பரீட்சை வைக்கின்றன. ஒன்றரை மணி நேரத்துக்குள் இரண்டு அல்லது மூன்று கணக்குகளுக்குப் புரோகிராம் எழுத வேண்டும் என்பது போல இருக்கும். அதில் தேறினால், ஒரு எஞ்சினீயர் நேரிலோ வீடியோவிலோ எதிரில் உட்கார்ந்து, ஒரு கணக்கைக் கொடுத்து, தாம் பார்க்கும்போதே எழுதச் சொல்வார். இது ஒரு தடவையும் நடக்கலாம், நான்கு தடவையும் நடக்கலாம். அனுபவம் உள்ளவர்களானால், பெரிய அமைப்பு ஒன்றை எப்படிக் கட்டுவது என்றும் கேட்பார்கள். கடைசியில் குணம், பழக்கம், முன்பு செய்த வேலை ஆகியவற்றைப் பற்றிய பேச்சு இருக்கும். இவற்றுள் நம் பிள்ளைகளை அதிகம் சாய்ப்பது நடுவில் உள்ள கட்டம், அதாவது ஒருவர் பார்க்கும்போதே எழுதுவது.

கேள்விகள் எப்பொழுதும் மலையாக இருக்கும் என்று எண்ண வேண்டியதில்லை. 2007-இல் இம்ரான் கோரி என்பவர் ஃபிஸ்பஸ் என்னும் சிறு கணக்கொன்றை எழுதி வெளியிட்டார். ஒன்று முதல் நூறு வரை எண்களை அச்சிட வேண்டும். மூன்றால் வகுபடும் எண்ணுக்குப் பதிலாக ஃபிஸ் என்றும், ஐந்தால் வகுபட்டால் பஸ் என்றும், இரண்டாலும் வகுபட்டால் ஃபிஸ்பஸ் என்றும் வர வேண்டும். இவ்வளவுதான். ஆனால் வேலைக்கு வருவோரில் இதில் திணறுவோரும் உண்டு என்பதைக் கண்டே அவர் இதை எழுதினார். மருமகன் இதை முதல் தடவை எழுதிய பொழுது, மூன்றால் வகுபடுகிறதா என்பதை முதலில் சோதித்தான். வகுபட்டால் ஃபிஸ் என்று எழுதி அடுத்த எண்ணுக்குப் போய் விட்டான். பதினைந்துக்கு என்ன ஆயிற்று? அங்கேயும் ஃபிஸ் என்று நின்று விட்டது. இரண்டாலும் வகுபடுகிறதா என்பதையே முதலில் பார்த்திருக்க வேண்டும். பதினைந்தை வைத்து ஒரு முறை கையால் ஓட்டிப் பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் பிழை வெளிப்பட்டிருக்கும்.

இனி, பினாங்கில் அவன் வாயடைத்து நின்ற கணக்குக்கு வருவோம். இது இந்தத் துறையில் பெயர் பெற்ற கேள்வி. லீட்கோட் என்னும் பயிற்சித் தளத்தில் முதல் எண் கொண்ட கேள்வியும் இதுவே. கடைக்காரர் பாஷையில் சொல்வதென்றால் இப்படி: ஆயிரம் சாமான்களின் விலைப்பட்டியல் இருக்கிறது. சரியாக 50 ரிங்கிட் வரும்படி இரண்டு சாமான்களைப் பொறுக்க வேண்டும். எப்படிப் பொறுக்குவது?

வெகுளியான வழி, ஒவ்வொரு சாமானையும் மற்ற ஒவ்வொன்றோடும் கூட்டிப் பார்ப்பது. ஆயிரம் சாமான்களுக்கு இப்படி 499,500 ஜோடிகள் உண்டு. சாமான்கள் பத்து மடங்கானால் வேலை ஏறத்தாழ நூறு மடங்காகும். கெட்டிக்கார வழியோ, கையில் ஒரு பேரேடு வைத்துக் கொள்வது. சாமானைக் கையில் எடுக்கிறோம். விலை 18 ரிங்கிட். 50-க்கு இன்னும் 32 வேண்டும். 32 பேரேட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறோம். இருந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் 18-ஐப் பேரேட்டில் பதிந்து விட்டு அடுத்த சாமானுக்குப் போகிறோம். ஆயிரம் சாமான்களுக்கு ஆயிரம் முறை பார்த்தால் போதும்.

அந்தப் பேரேட்டைத்தான் அவர்கள் ஹாஷ் டேபிள் என்கிறார்கள். நம் கடைகளில் ஓரத்தில் எழுத்து வெட்டிய கடன் பேரேடு இருந்ததை மூத்த அன்பர்கள் அறிவார்கள். மரைக்காயர் கணக்கு வேண்டுமானால் முதல் பக்கத்திலிருந்து புரட்ட மாட்டோம். 'ம' என்ற வெட்டில் விரலை வைப்போம். பெயரே பக்கத்தைக் காட்டிக் கொடுக்கிறது. ஹாஷ் டேபிளின் தத்துவமும் அதுவே. ஒரே வெட்டில் இரண்டு பேர் வந்து விட்டால் அந்தப் பக்கத்துக்குள் சிறிது தேட வேண்டியிருக்கும். அவர்களுக்கும் அதே தொல்லை உண்டு. எல்லோருடைய பெயரும் 'ம'வில் தொடங்கினால் பேரேட்டால் பிரயோஜனமில்லை என்பதையும் மாணவன் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கேட்பவர் அந்த இடத்தில் கட்டாயம் கிளறுவார்.

மருமகன் நமக்கு இதை விளக்கிக் கொண்டிருந்த இரவில்தான் விஷயம் புரிந்தது. அவன் எழுதியிருந்த முறையில், முதலில் எல்லா விலைகளையும் பேரேட்டில் பதிந்து விட்டு, அதன் பிறகு ஒவ்வொன்றாகத் தேடினான். நாம் ஒன்றும் தெரியாமல் கேட்டோம்: "தம்பி, 25 ரிங்கிட் சாமான் ஒன்றே ஒன்று இருக்கிறது. இன்னும் 25 வேண்டும் என்று பேரேட்டைப் பார்க்கிறாய். பேரேட்டில் 25 இருக்கிறது. அது இதே சாமான் அல்லவா? ஒரே சாமானை இரண்டு முறை விற்கலாமா?"

அவன் சிறிது நேரம் நம்மைப் பார்த்தான். பிறகு பலகையைப் பார்த்தான். "மாமா, இதே பிழையைத்தான் பினாங்கிலும் மனசுக்குள் வைத்துக் கொண்டு நின்றேன்" என்றான். முதலில் தேடு, பிறகு பதி என்று வரிசையை மாற்றியதும் பிழை நீங்கிற்று. நாம் புத்திசாலி என்பதற்காக இதைக் கூறவில்லை. அந்தக் கணக்கு அவன் மனதிலேயே கிடந்திருந்தால் பிழையும் அங்கேயே கிடந்திருக்கும். வாயால் சொன்னபடியால் வெளியே வந்தது. கேட்டவர் மளிகைக் கடைக்காரராயிருந்தும் வந்தது.

இது நாம் கண்டுபிடித்த ஒன்றன்று என்பது பின்னரே தெரிந்தது. ஆண்ட்ரூ ஹண்ட், டேவிட் தாமஸ் என்ற இருவர் 1999-இல் எழுதிய புரோகிராமர் நூல் ஒன்றில், மேஜையின் மேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்துக் கொண்டு அதனிடம் தன் புரோகிராமை வரி வரியாக விளக்கிப் பிழை கண்டுபிடிப்பவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்களாம். மருமகன் இதைப் படித்துக் காட்டிச் சிரித்தான். 1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ என்ற வெள்ளைக்கார அதிகாரி ரப்பர்க் கன்றுகளை நட்ட மாநிலம் நம் மாநிலம். அந்த மரத்தின் பாலை வெட்டியே எத்தனையோ குடும்பங்கள் இங்கே பிழைத்தன. கடைசியில் நாமே ஒரு ரப்பர் வாத்து ஆகி விட்டோம். வருத்தமில்லை.

மருமகனுக்கு ஒரு சிநேகிதன் உண்டு. சுங்கை சிப்புட் பக்கத்தில் முன்பு ரப்பர்த் தோட்டமாயிருந்து இப்பொழுது செம்பனையாகி விட்ட இடத்தைச் சேர்ந்தவன். பாட்டியும் பாட்டனும் பால் வெட்டியவர்கள். வகுப்பில் மருமகனைக் காட்டிலும் கெட்டிக்காரன். அவனையும் பின்கட்டுக்கு அழைத்து வந்து பலகை முன் நிறுத்தினோம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், ஒரு சொல் இல்லை. விடையை மட்டும் ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதி விட்டு ஒதுங்கி நின்றான். விடை சரி. ஏன் தம்பி பேசவில்லை என்று கேட்டதற்கு, "தப்பாகச் சொல்லி விட்டால்?" என்றான்.

இந்த இரண்டு சொற்களைப் பற்றி நாம் பல நாள் யோசித்தோம். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பெயரைக் கூப்பிட்டால் மட்டும் பதில் சொல்லி, துரைக்கு முன்னும் கிராணிக்கு முன்னும் வாயை மூடிக் கொண்டிருப்பதே பிழைக்கும் வழி என்று மூன்று தலைமுறை கற்றிருக்கிறது. கடைப் பிள்ளைகளான நாமும் முதலாளிக்கு முன் அப்படித்தான் நின்றோம். அதை மரியாதை என்று வீட்டிலும் சொல்லி வளர்த்தோம். அந்த மரியாதையையே இன்டர்வியூ அறையில் உட்கார்ந்திருப்பவர் வேறு விதமாக வாசிக்கிறார். இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றோ, இவனோடு சேர்ந்து வேலை செய்ய முடியாது என்றோ குறித்துக் கொள்கிறார். அவர் மீதும் குற்றமில்லை. மனதுக்குள் நடப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பார்க்கிறார்கள் என்ற கூச்சம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதுமன்று. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசாஃப்ட் கம்பெனியாரும் 2020-இல் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர் 48 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை ஒருவர் பார்த்துக் கொண்டிருக்கப் பலகையில் வாய் விட்டு விளக்கிக் கணக்குச் செய்ய விட்டார்கள். மறு பாதியினரைத் தனியறையில் விட்டார்கள். பார்வைக்கு முன் நின்றவர்களின் திறமை பாதிக்கும் கீழே போய் விட்டதாம். அதே விதமான மாணவர்கள், அதே கணக்கு. சிறிய பரிசோதனைதான், ஆனாலும் நம் பின்கட்டில் நாம் கண்டதும் இதுவே. அந்த ஆராய்ச்சியாளர்கள் இன்டர்வியூ முறையையே குறை கூறினார்கள், அது நியாயம். ஆனால் முறை மாறும் வரை நம் பிள்ளைகள் காத்திருக்க முடியாது. ஆகவே பார்வைக்குப் பழக வேண்டும்.

பழகுவதற்கு நம்மிடத்திலேயே ஒரு வழி இருக்கிறது. மதரஸாவில் பாடத்தை மனதில் வைத்துக் கொண்டால் மட்டும் உஸ்தாது விட மாட்டார். எதிரில் உட்கார்ந்து வாய் விட்டு ஓதிக் காட்ட வேண்டும். தவறினால் அங்கேயே நிறுத்துவார். திருத்திக் கொண்டு மேலே ஓத வேண்டும். தவறியதற்காக யாரும் எழுந்து ஓடுவதில்லை. ஏழு வயதில் நாம் செய்த காரியத்தையே இருபத்து மூன்று வயதில் பலகை முன் செய்யச் சொல்கிறார்கள். இதைச் சொன்ன பிறகுதான் மருமகனுக்குப் பயம் பாதி தெளிந்தது. பிழையோடு பேசலாம், திருத்திக் கொண்டு மேலே போகலாம் என்பது அவனுக்கு முன்பே பழக்கமான விஷயம்தான்.

பேசுவதற்கு ஒரு வரிசை உண்டு. ஜார்ஜ் போல்யா என்ற கணித ஆசிரியர் 1945-இல் வெளியிட்ட நூலில், கேள்வியை விளங்கிக் கொள், வழி வகு, செய்து முடி, திரும்பிப் பார் என்று நான்கு படிகள் சொன்னார். இன்டர்வியூவுக்கு அதுவே போதும். கேள்வியைக் கேட்டதும் அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு சந்தேகங்களைக் கேட்க வேண்டும்: பட்டியல் காலியாக இருக்கலாமா, ஒரே விலை இரண்டு முறை வரலாமா, விடையே இல்லாவிட்டால் என்ன செய்வது. சந்தேகம் கேட்பது அறியாமை என்று நம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். கேட்காமல் சரக்கு அனுப்பும் கடைக்காரரைத்தான் நாம் அறிவிலி என்போம். அதன் பின் வெகுளியான வழியைத் தயங்காமல் சொல்லி, அதற்கு எவ்வளவு வேலையாகும் என்று கணக்கிட்டு, அதை எப்படிக் குறைக்கலாம் என்று யோசிப்பதையும் வாய் விட்டே செய்ய வேண்டும். எழுதத் தொடங்குவது அதற்கும் பிறகு. எழுதி முடித்ததும் சிறிய உதாரணம் ஒன்றைக் கையால் ஓட்டிக் காட்ட வேண்டும். கேட்பவர் இடையில் ஒரு குறிப்புக் கொடுத்தால் அதைப் பிடித்துக் கொள்ள வேண்டும். மருமகன் முதலில் அதை அவமானமாக நினைத்து, காதில் விழாதது போல இருந்து விட்டான்.

இந்த மாதிரி படி படியாகக் கணக்கை முடிக்கும் வழிக்கு அல்காரிதம் என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி அவர்களின் பெயர் லத்தீன் பாஷையில் திரிந்து வந்த சொல் அது. பெருமைக்காக அன்று, பிள்ளைகளுக்கு அந்தச் சொல் அந்நியமாகத் தோன்ற வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறோம்.

ஓரத்துக் கணக்குகளைச் சோதிப்பதைப் பற்றி இன்னும் சிறிது கூற வேண்டும். வரிசைப்படுத்திய பட்டியலில் ஒரு பெயரைத் தேட, நடுவில் திறந்து, முன்னா பின்னா என்று பார்த்து, பாதியைத் தள்ளி, மீண்டும் நடுவில் திறக்கும் முறைக்கு பைனரி சர்ச் என்று பெயர். பத்து லட்சம் பெயர்களில் ஒன்றைத் தேடவும் இருபது தடவைக்கு மேல் திறக்க வேண்டியதில்லை. கேட்பதற்கு எளிது. ஆனால் 1946-இல் முதன் முதலாக வெளியான இந்த முறை, எல்லா அளவுக்கும் பிழையின்றி அச்சேறப் பத்தாண்டுகளுக்கு மேலாயின. அதற்குப் பிறகும் ஜாவா பாஷையோடு வந்த பைனரி சர்ச்சில் ஒரு பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் கிடந்ததை, அதை எழுதிய ஜோஷுவா பிளாக் என்பவரே 2006-இல் வெளியிட்டுச் சொன்னார். நடுப்பக்கம் காண முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்கினார்கள். பட்டியல் மிகப் பெரிதாகும்போது அந்தக் கூட்டுத் தொகை 2,147,483,647 என்ற எல்லையைத் தாண்டி, கழித்தல் எண்ணாகப் புரண்டு விட்டது. கடைசியிலிருந்து முதலைக் கழித்து, அதில் பாதியை முதலோடு கூட்டினால் அந்த ஆபத்து இல்லை. அவ்வளவு பெரியவர்களுக்கே தவறும் இடம் இது. ஆகவே காலிப் பட்டியல், ஒரே ஒரு பெயர், தேடுவது முதலில் இருப்பது, கடைசியில் இருப்பது, இல்லாமலே இருப்பது ஆகிய இவற்றை வாய் விட்டுச் சோதித்துக் காட்டும் பிள்ளைக்குத் தனி மதிப்பு உண்டு.

எதைப் படிப்பது என்று கேட்கும் பெற்றோர்களுக்கு: வரிசைப் பட்டியல், எழுத்துத் தொடர், ஹாஷ் டேபிள், ஸ்டாக், கியூ, மரம், வரைபு, வரிசைப்படுத்தல், தேடல், தன்னைத் தானே அழைக்கும் முறை ஆகிய இவை அடிப்படை. டேட்டாபேஸ் கேள்விகளும் வரும். கேல் லாக்மன் மெக்டவல் என்ற அம்மையார் 2008-இல் முதன் முதலாக வெளியிட்ட கிராக்கிங் தி கோடிங் இன்டர்வியூ என்னும் புத்தகம் இத்துறையில் எல்லோரும் அறிந்தது. மருமகன் முதலில் முந்நூறு கேள்விகளின் விடைகளை மனப்பாடம் செய்ய முயன்றான். அது பிரயோஜனப்படவில்லை, ஒரு சொல்லை மாற்றிக் கேட்டால் நின்று விட்டான். பிறகு நாளொன்றுக்கு இரண்டே கேள்வி; ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிஷம்; முடியாவிட்டால் விடையைப் பார்த்து, ஒரு வாரம் கழித்து அதே கேள்வியை வெற்றுப் பலகையில் மீண்டும் செய்வது என்று வைத்துக் கொண்டான். அதுதான் நிலைத்தது.

பாஷையைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்ப் பள்ளியில் ஆறு ஆண்டு, சிலருக்குப் புகுமுக வகுப்பில் ஓராண்டு, பிறகு மலாயில் இடைநிலைப் பள்ளி, அதன் மேல் இங்கிலீஷில் கல்லூரி. நம் பிள்ளை மூன்று பாஷைகளைத் தாண்டித்தான் அந்த நாற்காலிக்கு வருகிறான். இங்கிலீஷ் சரளமாக வராததால் வாயை மூடிக் கொள்வதும் உண்டு. முதலில் தமிழிலேயே வாய் விட்டு யோசிக்கட்டும். யோசனை தெளிந்த பிறகு அதையே இங்கிலீஷில் சொல்லிப் பழகட்டும். இந்த வேலைக்கு வேண்டிய வாக்கியங்கள் மொத்தம் முப்பது நாற்பதுதான். இலக்கணம் கொஞ்சம் பிசகினால் கணக்குத் தெரிந்த எஞ்சினீயர் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. மௌனத்தைத்தான் எண்ணுகிறார்.

குணத்தைப் பற்றிய கேள்விகளில் நம் பிள்ளைகள் வேறொரு தவறு செய்கிறார்கள்: கடையை மறைக்கிறார்கள். "கஷ்டமான ஒரு வேலையை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டால், புத்தகத்தில் கண்ட பதிலை ஒப்பிக்கிறார்கள். மருமகன் நமது கடைக்குச் சரக்கு இருப்புக் காட்டும் சிறிய புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தான். முதல் மாதம் அது அரிசியைக் கிலோவிலும் மூட்டையிலும் கலந்து எண்ணி, இல்லாத அரிசியை இருப்பதாகக் காட்டிற்று. நாம் கோபித்தோம், வாடிக்கையாளர் ஒருவரும் கோபித்தார். அவன் உட்கார்ந்து காரணம் கண்டு திருத்தினான். இதைச் சொல்ல அவனுக்கு வெட்கம். இதைவிட நல்ல பதில் எங்கே கிடைக்கும்? என்ன நிலைமை, தன் பொறுப்பு என்ன, தான் என்ன செய்தான், முடிவு என்ன ஆயிற்று என்ற வரிசையில் மூன்று நிமிஷத்தில் சொல்லப் பழகிக் கொண்டான். 'நாங்கள் செய்தோம்' என்று பொதுவாகச் சொல்லாமல் 'நான் இதைச் செய்தேன்' என்று சொல்ல வேண்டும் என்பதும் நம் பிள்ளைகளுக்குக் கஷ்டமாயிருக்கிறது. 'நாம்' என்றே எழுதிக் கொண்டிருக்கும் நாமே இதைக் கூறுவது வேடிக்கைதான்.

வீட்டிலிருந்து வீடியோவில் எழுதும்போது, செயற்கை நுண்ணறிவுக் கருவியை மறைத்து வைத்துக் கொண்டு விடை கேட்கும் பழக்கம் இப்பொழுது பரவியிருக்கிறது. சில கம்பெனிகள் அதை வெளிப்படையாக உபயோகிக்கச் சொல்லியே பரீட்சை வைக்கின்றன, அங்கே உபயோகிக்கலாம். வேண்டாம் என்ற இடத்தில் உபயோகிப்பது நிறைகல்லில் மோசம் செய்வது போன்றது. மேலும், 'இந்த வரியை ஏன் எழுதினீர்கள்?' என்ற ஒரே கேள்வியில் அது வெளிப்பட்டு விடும்.

இன்னொரு எச்சரிக்கை. மெய்யான கம்பெனி வேலை கொடுப்பதற்குப் பணம் கேட்காது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக் கொள்ளாது. நல்ல சம்பளம் என்ற பேச்சை நம்பிக் கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் போய் மோசடிக் கூட்டத்தாரிடம் சிக்கிக் கொண்ட மலேசியர்களின் செய்திகள் 2022-இல் பத்திரிகைகளில் நிறைந்திருந்தன. பரீட்சையே வைக்காமல் கம்ப்யூட்டர் வேலை தருகிறேன் என்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

மருமகன் அதன் பிறகும் இரண்டு இடங்களில் தவறினான். ஒரு நாள் சாப்பிடாமல் படுத்து விட்டான். அப்பொழுது அவனுடைய சிநேகிதன்தான் மாக்ஸ் ஹவல் என்பவரின் கதையைச் சொன்னான். ஹோம்பிரூ என்ற மென்பொருளை எழுதியவர் அவர். உலகமெங்கும் எஞ்சினீயர்கள் அதை உபயோகிக்கிறார்கள். 2015-இல் கூகுள் கம்பெனி அவரை வேலைக்கு எடுக்கவில்லை. பலகையில் ஒரு மரக் கணக்கைத் தலைகீழாக்கிக் காட்ட முடியவில்லை என்று அவரே எழுதினார். இதைக் கேட்டு மருமகன் எழுந்து சோறு தின்றான். வீட்டிலுள்ளவர்கள் "கிடைத்ததா, கிடைத்ததா" என்று கேட்பதை நிறுத்தி, "இன்றைக்கு என்ன கேட்டார்கள்?" என்று கேட்கத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான். கேட்ட கேள்வியை அன்றிரவே நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த இன்டர்வியூவுக்கு அதுவே பாடம்.

நான்காவது இடம் கோலாலம்பூர். ஈப்போவிலிருந்து ரயிலில் போய், ஒரு மணி நேரம் முன்னதாகவே அங்கே போய் நின்றான். கேட்ட கணக்கு முழுவதுமாக முடியவில்லை. ஆனால் தொடக்கம் முதல் கடைசி வரை பேசிக் கொண்டே இருந்தானாம். நடுவில் தன் பிழையைத் தானே சொல்லித் திருத்தினானாம். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. சிநேகிதன் இன்னும் முயன்று கொண்டிருக்கிறான். போன வாரம் பலகை முன் நின்று பன்னிரண்டு நிமிஷம் விடாமல் பேசினான். அதில் இரண்டு தவறு இருந்தது; இரண்டையும் தானே கண்டுபிடித்தான்.

சனிக்கிழமைகளில் இஷா தொழுகைக்குப் பிறகு பின்கட்டில் விளக்கு எரியும். மருமகன் ஊருக்கு வரும் வாரங்களில் அவனே கேள்வி கேட்கிறான். மற்ற வாரங்களில் நாம் கேட்டுக் கொண்டிருக்கிறோம். ஆண் பிள்ளையோ பெண் பிள்ளையோ, எந்தச் சமயத்துப் பிள்ளையோ, பெற்றோர் கூட்டிக் கொண்டு வரலாம். மார்க்கர் பேனா மட்டும் அவரவர் கொண்டு வரவும். கடையில் இருந்தவற்றை அரிசி விலை எழுதியே தீர்த்து விட்டோம்.